குலமுறை ஆராய்ச்சியும் அறியாத உறவினரும்

ஒருவன் தன்னை இன்னான் என்று பிறர்க்கு அறிவிக்குங்கால் தன் பெயரையும், தந்தை பெயரையும், ஊர்ப்பெயரையும் கூறுதல் உலக வழக்கு. நம் கொங்கு நாட்டில் இம்மூன்றும் போதா. புதியவர் இருவர் ஒரு கலியாணப் பந்தலிலோ, சந்தையிலோ, திருப்பூர்ப் பனியன் கம்பெனியின் வாயிலிலோ எதிர்ப்பட்டுப் பேசத் தொடங்கினால், இரண்டாவது மூன்றாவது பேச்சிலேயே “நீங்க என்ன கூட்டம், எந்தக் கோயில்?” என்னும் வினா பிறந்துவிடும். விடை ஒரே கூட்டமாயின் அவ்விருவரும் அக்கணமே பங்காளிகள். வேறு கூட்டமாயின் மாமன் மைத்துனர். முன்பின் கண்டிராத ஒருவரை ஒரு சொல்லால் உறவினராக்கும் இவ்வழக்கம் பெருமைக்குரியதே. ஆயினும் அவ்வொரு சொல் உறவினரைக் காட்டுவதோடு அமையாது, உறவினர் பலரை மறைக்கவும் செய்கின்றது. அது காட்டும் உறவு எத்துணை, மறைக்கும் உறவு எத்துணை என்பதை நம் சங்கத்து அன்பர்களோடு கூடி ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டப் பெயரின் தொன்மை

சாத்தந்தை, ஆந்தை, பூந்தை, பொருளந்தை, கண்ணன், செங்கண்ணன், தூரன், பயிரன், ஒதாளன், காடை என நம்மிடையே வழங்கும் கூட்டப் பெயர்கள் பல. இவற்றுட் சிலவற்றின் பொருள் காலப்போக்கில் மறைந்துவிட்டது. ஆந்தை என்றவுடன் இரவில் அலறும் பறவையே இக்காலத்து இளைஞர் நினைவிற்கு வருகின்றது. அக்கூட்டத்துச் சிறுவர் பள்ளியில் உடன்பயில்வாரது நகைப்பிற்கு ஆளாதலும் உண்டு. அச்சிறுவர் நாணுதற்கு யாதொரு காரணமும் இல்லை என்பதைத் தொல்காப்பியமே கூறும். எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில், இயற்பெயரின் முன் ‘தந்தை’ என்னும் முறைப்பெயர் வந்து புணருமாற்றை ஆசிரியர் வகுத்துள்ளார். அவ்விதிப்படி சாத்தன் என்பதனோடு தந்தை சேர்ந்து சாத்தந்தை ஆகும். ஆதன் என்பதனோடு தந்தை சேர்ந்து ஆந்தை ஆகும். பூதன் என்பதனோடு சேர்ந்து பூந்தை ஆகும். ஆகவே ஆந்தை என்பது பறவையன்று. ஆதனுக்குத் தந்தை என்னும் மதிப்புடைப் பெயர் என்க.

இப்பெயர் தாங்கிய பெரியார் ஒருவர் சங்க காலத்தே வாழ்ந்தார். பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையாரே அவர். பாண்டி நாட்டினராகிய அவரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டமையும், சோழன் வடக்கிருந்து உயிர் நீக்கத் துணிந்தபொழுது ஆந்தையார் தேடி வந்து உடனிருந்தமையும் புறநானூற்றால் அறியலாகும். காணாத ஒருவரைக் கேண்மையால் தம்மவராகக் கொண்ட அச்செய்தியைக் கூட்டப் பெயரை ஆராய்வார் நினைவிற் கொள்ளல் தகும்.

நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்கு அணித்தாகவுள்ள கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதலாகத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுள் கண்ணன், ஆதன் முதலிய பெயர்கள் காணப்படுகின்றன. கரூர்க்கு அருகில் புகழூர் மலையிலுள்ள பாறை எழுத்துக்களிலும் ஆதன், கீரன், கொற்றி போன்ற பெயர்கள் உள்ளன. திருப்பூரை ஊடறுத்துச் செல்லும் அந்த நொய்யலின் கரையிலேயே இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் இப்பெயர்கள் வழங்கின என்பது உறுதி. ஆனால் அந்த ஆதனே ஆந்தைக் கூட்டத்தாரின் முதல்வன் என்றும், அந்தக் கண்ணனே கண்ணன் கூட்டத்தாரின் மூலபுருடன் என்றும் துணிந்துரைத்தல் ஆராய்ச்சியன்று. பெயரின் தொன்மை வேறு, குருதித் தொடர்பு வேறு. பெயரொற்றுமை ஒன்றனையே சான்றாகக் கொண்டு தம்மை அரசர் வழியினராக எழுதிக்கொள்ளும் ஆசை எல்லாக் குலத்தாரிடத்தும் உண்டு. அவ்வாசைக்கு இடங்கொடாதவரே உண்மையான முன்னோரைக் காண்பர்.

இடைக்காலத்துச் சான்றுகள் இவற்றினும் தெளிவுடையன. கி. பி. 13-ஆம் நூற்றாண்டினவாகிய கொங்குக் கல்வெட்டுக்களில், கோயிலுக்குக் கொடையளித்தோர் தம் பெயரோடு ஊரும் கூட்டமும் குறித்துள்ளனர். பின்னர் எழுந்த செப்பேடுகளும் ஓலைப்பட்டயங்களும் காணியூர்களையும், கோயில் முதன்மையையும், கொங்கின் 24 நாடுகளையும் பற்றிக் கூறும். பூந்துறை நாடு, காங்கேய நாடு, பொன்கலூர் நாடு, ஆறை நாடு, தென்கரை நாடு என்னும் பெயர்களை நம் முதியோர் இன்னும் மறந்திலர். காலின் மெக்கன்சி என்பார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுப்பித்த சுவடிகளிற் கொங்கு வரலாறு பற்றியன பல சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற் சேர்ந்தன. புலவர் செ. இராசு அவர்கள் ஊர்தோறும் சென்று இத்தகைய ஆவணங்களைத் தொகுத்து அச்சேற்றிய தொண்டு மறக்கற்பாலதன்று.

கூட்டம் காட்டும் கோடு ஒன்றே

இனி, கூட்டம் என்பது நம் முன்னோருள் எத்தனை பேரைக் குறிக்கின்றது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவனுக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு முந்திய தலைமுறையில் எண்மர். இவ்வாறு ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டித்துச் சென்றால் பத்தாந் தலைமுறையில் முன்னோர் தொகை 1,024 ஆகும். கூட்டப் பெயரோ தந்தை, தந்தையின் தந்தை, அவன் தந்தை என ஆண்வழியே ஒரு கோடாகச் செல்வது. எனவே அந்த 1,024 பேருள் நம் கூட்டப் பெயரை நமக்குத் தந்தவர் ஒரே ஒருவர். எஞ்சிய 1,023 பேரும் நம் முன்னோரே. அவருள் 512 பேர் பெண்பாலார். அவர்தம் பெயர் எப்பட்டயத்தினும் பெரும்பாலும் இல்லை.

இக்கணக்கை இன்னும் மேலே கொண்டு செல்லின் வியப்பு மிகும். முப்பதாந் தலைமுறையில் முன்னோர் தொகை 107 கோடியைக் கடக்கும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொள்ளின் அது 750 ஆண்டுகட்கு முந்திய காலம். அஃதாவது மேலே கூறிய 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்களின் காலம். அக்காலத்துக் கொங்கு நாட்டில் அத்தனை கோடி மக்கள் இருந்திருத்தல் இயலாது. ஆகவே ஒரே மனிதர் நம் முன்னோர் வரிசையில் பல இடங்களில், பல வழிகளில் மீண்டும் மீண்டும் வந்திருத்தல் வேண்டும். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுடைய நமக்கு இது கூறாமலே விளங்கும். என் பாட்டனாரின் பாட்டியார் ஒருவர் உங்கள் பாட்டியாருக்கும் பாட்டியாராய் இருந்திருக்கலாம். கூட்டப் பெயரைக் கேட்டால் அவ்வுறவு வெளிப்படாது. ‘மாமன் மைத்துனர்’ என்று நாம் ஒரு சொல்லில் அடக்கிவிடும் பிற கூட்டத்தார் அனைவரும், கணக்கின்படி, நம் குருதியுறவினரே.

ஆசிரியத் தொழிலில் நான் கண்டதொன்றைக் கூறுவேன். வகுப்பில் மாணாக்கரை நோக்கி, “உன் கூட்டம் யாது?” என வினவினால் பெரும்பாலார் உடனே விடை கூறுவர். “உன் பாட்டியின் தாயார் பெயர் யாது?” என வினவினால் வகுப்பு முழுதும் வாய்மூடி நிற்கும். நூறாண்டுக்குள் வாழ்ந்து, அம்மாணாக்கனின் பாட்டியை மடியில் வைத்து வளர்த்த ஒருத்தியின் பெயர் அடியோடு மறைந்தது. எந்நாளோ வாழ்ந்த ஒருவனது பெயர் கூட்டப் பெயராய் நிலைத்தது. நம் சடங்குகளோ இங்ஙனம் பெண்வழியை மறந்தனவல்ல. தாய்மாமன் வாராத சீர் சீரன்று என்பர். நம் கலியாணத்தில் இணைச்சீர் என்னும் சடங்கு மணமகனின் உடன்பிறந்தாளை முன்னிறுத்தி நடைபெறுவது. மணப்பந்தலில் மங்கல வாழ்த்துப் பாடி நம் மரபை நமக்கே எடுத்துரைப்பவர் நாவிதர் குலத்துக் குடிமகனார். சடங்கில் இடம்பெற்ற இவர்கள் அனைவரும் எழுத்தில் மட்டும் இடம்பெறாது போயினர்.

பிறநாட்டார் செய்தவை

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டிற் கன்பூசியசு என்னும் பேரறிஞரின் வழியினர் பல நூற்றாண்டுகளாகத் தம் குலவரிசையை ஏடுகளில் எழுதிக் காத்து வருகின்றனர். அவ்வேட்டின் திருத்திய பதிப்பு 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபது லட்சத்திற்கு மேற்பட்டோர் பெயர் அதில் உண்டு. அப்பதிப்பிலேதான் முதன்முறையாகப் பெண்மக்களின் பெயர்களும் சேர்க்கப்பெற்றன. உலகிலேயே மிக நீண்ட குலவரிசை என்று புகழப்பெற்ற அவ்வேடு, தன் மகளிரை எழுதிக்கொள்ள 21-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

வட கடலில் உள்ள ஐசுலாந்து ஒரு சிறு தீவு. நம் திருப்பூர் நகர மக்கள் தொகையினும் குறைந்த மக்களை உடையது. அத்தீவினர் பழம் நூல்களையும் திருச்சபைப் பதிவுகளையும் கொண்டு ஏறத்தாழ 1,200 ஆண்டுக் குலவரிசையைத் தொகுத்து, 2003-ஆம் ஆண்டில் கணிப்பொறி வாயிலாக யாவரும் காணும்படி செய்தனர். 2013-ஆம் ஆண்டில் அதனைக் கைபேசியிலும் காணலாயிற்று. இளைஞர் இருவர் சந்தித்தால் தமக்குள் நெருங்கிய உறவுண்டா என்று அக்கருவியால் உடனே அறிந்துகொள்ளலாம். நம் முன்னோர் “என்ன கூட்டம்?” என்னும் ஒரு வினாவால் செய்த வேலையையே இவர்கள் பெரும் பேரேட்டால் செய்கின்றனர். வேறுபாடு யாதெனின், நம் வினா ஆண்வழி ஒன்றையே நோக்குவது. அவர்தம் ஏடு தாய்வழி தந்தைவழி இரண்டையும் நோக்குவது.

கடல் கடந்து போன கிளைகள்

இதுகாறும் கூறியவர் நம்மிடையே இருந்தும் நாம் அறியாதவர். இனி, நம்மை விட்டு நெடுந்தொலை சென்று மறைந்தவரைப் பற்றிக் கூறுவாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் கோயம்புத்தூர் ஜில்லாவையும் விட்டிலது. கிணறு வற்றிக் கால்நடை மாண்டு குடிகள் திசை திசையாகப் பெயர்ந்தனர். பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் ஆள்பிடிக்கும் தரகர் வாயிலாகச் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனோர் பல்லாயிரவர். வீட்டாரிடம் சொல்லாமற் போனவரும் அவருள் இருப்பர். அத்தகையோரைக் குடும்பம் இறந்தார் வரிசையிற் சேர்த்துப் பின் மறந்தே போகும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பலின் பெயர் ‘துரூரோ’ என்பது. சென்னையினின்று 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் நாள் அது தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911-ஆம் ஆண்டு முடிய, 384 கப்பற் பயணங்களில் 1,52,184 பேர் அந்நாட்டிற் கொண்டு சேர்க்கப்பெற்றனர். அவருட் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தினின்று சென்றவர். ஒப்பந்தம் ஐந்தாண்டு, முதலாண்டுக் கூலி திங்களுக்குப் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் அந்நாட்டிலேயே தங்க விரும்பினோர் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூன்று பவுன் வரி சுமத்தப்பெற்றதும், அதனை எதிர்த்து 1913-இல் காந்தியடிகள் தலைமையில் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக எழுந்ததும், 1914-இல் அவ்வரி ஒழிந்ததும் சரித்திரம்.

குலமுறை ஆராய்வார்க்கு முதன்மையானது அக்கப்பல்களின் பெயர்ப்பட்டியல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன் பக்கத்தே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு என்று வரிசையாக எழுதப்பெற்றிருக்கும். ஆளை இழந்துவிடாமற் பிடித்து வைப்பதற்காகத் தோட்ட முதலாளிகளின் நன்மை கருதி எழுதிய ஏடு அது. ஆயினும், நம்மூர்களில் எழுதப்படாது போன ஏழைக் குடியானவனுடைய தந்தை பெயரையும் ஊர்ப்பெயரையும் இன்று காட்டவல்லது அதுவே. அரசர் பட்டயத்தில் இடம்பெறாதவன் கூலிப் பட்டியலில் இடம்பெற்றான். அப்பட்டியல்கள் தர்பனில் பாதுகாக்கப்பட்டு, பிற்காலத்தில் ஆராய்ச்சியாளரால் கணிப்பொறியில் ஏற்றவும் பெற்றன.

அந்நாட்டிற் குடும்பப் பெயராய் நிலைத்துவிட்ட நம்மூர்ப் பட்டங்கள் பல. நாயுடு, பிள்ளை, செட்டி, படையாச்சி, முதலி என்பவற்றோடு ‘கவுண்டன்’ என்பதும் அங்கே வழிவழியாக வழங்கும் குடும்பப் பெயர். தமிழ் பேசவறியாத பேரப்பிள்ளைகளும் அப்பெயரால் அழைக்கப்படுகின்றனர். இதனைக் கேட்டவுடன் “அவரெல்லாம் நம்மவரே” என்று துள்ளுதல் கூடாது. கவுண்டன் என்னும் பட்டம் நம் குலத்தார்க்கே தனியுரிமை உடையதன்று. வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளில் வேறு குலத்தாரும் அப்பட்டம் பூண்டவர். அப்பகுதிகளினின்றும் சென்றோர் பலர். கப்பலேறுங்காற் சாதியை மாற்றிச் சொன்னவரும் இருந்தனர். கேட்டு எழுதிய எழுத்தன் தனக்குத் தோன்றியவாறு எழுதியதும் உண்டு. எனவே பட்டம் ஒன்றே சான்றாகாது. எண், தந்தை பெயர், தாலுகா, ஊர் ஆகிய நான்கும் ஒத்துவரின் அன்றோ உறவு துணியப்படும்?

மற்றொன்றும் நோக்கத்தக்கது. நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிரேனும் உடன் செல்லவேண்டும் என்பது அக்காலத்து விதி. இவ்விதியால் ஆடவர் தொகையே மிகுதியாயிற்று. அங்கே சென்று மணந்தோர் குலமும் ஊரும் பார்த்து மணக்க இயலவில்லை. பல குலத்தார், தமிழர் தெலுங்கர் என்னும் இருமொழியார், தம்முட் கலந்தனர். ஆகவே தர்பனிலுள்ள ஒரு குடும்பத்தில் ஒரே வீட்டார்க்குக் கொங்கிற் பங்காளியும், வட ஆற்காட்டில் மாமனும், விசாகப்பட்டினத்தில் பாட்டியின் தமையன் வழியினரும் இருத்தல் இயல்பு. நாம் தேடும் உறவினர் நம் குலத்தவராக மட்டும் வந்து நிற்பார் என்று எதிர்பார்ப்போர் ஏமாற்றம் அடைவர்.

மொரீசியசுத் தீவிற்கு 1834 முதல் சென்றோர் நான்கரை லட்சம் பேர் என்பர். அவர் கரையேறிய படித்துறை ‘ஆப்பிரவாசி காட்’ என்னும் பெயரால் 2006-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. அவர்தம் பதிவேடுகள் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் உள்ளன. பீசித் தீவிற்குச் சென்னை வழியாக ஆட்கள் போகத் தொடங்கியது 1903-ஆம் ஆண்டு. அவர்க்களித்த குடிபெயர்ச்சிச் சீட்டுக்களிலும் தந்தை பெயரும் ஊரும் உண்டு. இலங்கைக்குப் போனோர் நிலையோ வேறு. கங்காணி வழியாகச் சென்ற அவர்க்கு இத்தகைய விரிந்த பட்டியல் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கழுத்திற் கட்டிய தகரத் துண்டில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் இருந்தன; ஊர்ப்பெயர் இல்லை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி உடன்பாட்டின்படி 5,25,000 பேர் இந்தியா திரும்ப வேண்டுமென முடிவு செய்யப்பட்டபோது, திரும்பி வந்த பலர்க்குத் திரும்பிச் செல்ல ஊர் இன்னதென்று தெரியாதிருந்தது. பக்கத்து வீட்டிற் குடியேறினவர் தம் பாட்டனாரின் தம்பி பேரனா என்பதை அவரும் அறியார், இவரும் அறியார்.

வேர் தேடி வருவோர்

இக்காலத்தில் அக்கிளைகளில் உள்ளார் தம் வேரைத் தேடிப் புறப்பட்டுள்ளனர். திரினிதாது நாட்டின் பிரதம மந்திரியாயிருந்த கமலா பெர்சாத்-பிசேசர் அம்மையார், 1889-இல் கப்பலேறிச் சென்ற தம் கொள்ளுப்பாட்டனாரின் ஊராகிய பீகார் நாட்டுப் பேலுப்பூரை 2012-ஆம் ஆண்டு சனவரியிற் சென்று கண்டு, ஊராரால் மகள் போல் வரவேற்கப்பெற்றார். தமிழ்நாட்டரசு 2023-ஆம் ஆண்டில் ‘வேர்களைத் தேடி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, அயல்நாட்டுத் தமிழ் இளைஞரை இங்கு அழைத்து வந்து ஊர்களையும் கோயில்களையும் காட்டி வருகின்றது. மொரீசியசுத் தீவினர் ஏழாந் தலைமுறையினராயினும் இந்திய வமிசாவளியினர்க்குரிய அட்டை பெறலாம் என்று 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறிவிக்கப்பெற்றது. ஆகவே ‘கோயம்புத்தூர் ஜில்லா, பல்லடம் தாலுகா’ என்று எழுதிய ஒரு தாள் நறுக்கைக் கையிற் கொண்டு ஒருவர் நம் ஊர் மந்தையில் வந்து நிற்பது புதுமையன்று.

வருபவர்க்கு முதல் இடையூறு ஊர்ப்பெயர். திருப்பூர் மாவட்டம் 2009-ஆம் ஆண்டிற் பிறந்தது. பழைய பட்டியலில் அப்பெயருடைய மாவட்டத்தைத் தேடிப் பயனில்லை. பல்லடம், தாராபுரம், உடுமலைப்பேட்டை எல்லாம் அந்நாளிற் கோயம்புத்தூர் ஜில்லாவின் தாலுகாக்கள். கரூர் 1910 வரை அந்த ஜில்லாவில் இருந்தது. கொள்ளேகாலம் 1956 வரை இருந்தது. ஊர்களோ பாளையம், புதூர், வலசு என்று முடிவன. ஒரே பெயருடைய ஊர் பல. அயல்நாட்டு எழுத்தன் காதில் விழுந்தவாறு எழுதிய பெயரை இன்ன ஊர் என்று அறியவல்லவர் நம் ஊர்ப் பெரியோரே. பெயர் மாறிய குக்கிராமமும், ஊர் கலைந்து தோட்டமாகிய இடமும் அவர் நினைவில் மட்டுமே உள்ளன.

இரண்டாம் இடையூறு நம் மனம். வந்தவர் நிலத்திற் பங்கு கேட்பாரோ என்று ஐயுறுவார் சிலர். அவர் பாட்டி எக்குலத்தவள் என்று வினவி முகஞ் சுளிப்பார் சிலர். பஞ்சத்தில் வயிற்றுக்கில்லாது போனவனை அன்று தடுத்து நிறுத்த ஊரில் ஒருவரும் இருந்திலர். அவன் பேரன் பேத்தியர் இன்று வாயிலில் நிற்கும்போது குலம் கேட்க நமக்கு உரிமை யாது? அவர் வேண்டுவது நிலமன்று, பொருளன்று. தம் கொள்ளுப்பாட்டன் மிதித்த மண் இதுவென்று ஒருவர் காட்டவும், “வாங்க, பங்காளி” என்று ஒருவர் அழைக்கவுமே அவர் அத்துணைத் தொலைவு கடந்து வருகின்றனர்.

உடலில் எழுதிய பட்டயம்

ஓலையும் செப்பேடும் கல்வெட்டும் முடிந்துபோன இடத்தில் உடற்கூற்று நூலார் புதியதோர் ஏட்டை விரித்துள்ளனர். தந்தையினின்று மகனுக்கே செல்லும் ஒரு மரபுக் கூறு உடலில் உண்டு. கூட்டப் பெயர் செல்லும் வழியும் அதுவே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் அவர்கள் துணையோடு அமெரிக்க அறிஞர் ஸ்பென்சர் வெல்சு செய்த ஆராய்ச்சியில், உசிலம்பட்டிப் பக்கத்து ஊரினர் ஒருவரிடம் ‘எம் 130’ என்னும் குறி காணப்பெற்றது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடத்தும் அக்குறி உள்ளது. ஆப்பிரிக்காவினின்று புறப்பட்டுக் கடற்கரையோரமாகக் கிழக்கே சென்ற முதல் மாந்தர், இந்நாட்டின் வழியே சென்று ஆஸ்திரேலியாவை அடைந்தனர் என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டினர். மதுரைச் சீமைச் சிற்றூர்வாசிக்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தார் உறவினர் என்பதை எப்பட்டயம் கூறியிருக்கும்?

2013-ஆம் ஆண்டில் ஐதராபாத்து ஆராய்ச்சியாளரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் கூடி வெளியிட்ட மற்றொரு முடிவு நம்மனோர் ஊன்றி நோக்கற்குரியது. இந்நாட்டு மக்கட் குழுவினர் ஏறக்குறைய 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரை முற்பட்ட காலத்தில் தம்முள் விரிவாகக் கலந்தனர் என்பதும், அதன் பின்னரே குலத்திற்குள் மணக்கும் வழக்கம் இறுகியது என்பதும் அவர் கண்டவை. கொடுமணலிற் பானையில் தன் பெயரைக் கீறிய ஆதன் அக்கலப்புக் காலத்தின் கடைப்பகுதியில் வாழ்ந்தவன். அவனுடைய வழியினர் இன்று ஒரே குலத்தில் அடங்கியிருப்பர் என்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. நம் தோட்டத்தில் உழைப்பவர், நம் பனியன் கம்பெனியில் தையலெந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் வேலை தேடி வந்து திருப்பூரில் தங்கியிருப்பவர் ஆகிய இவருள்ளும் நமக்கு உறவினர் உளர். பிழைப்பிற்காக ஊர் விட்டுப் போனவனின் துன்பத்தைத் தர்பன் பட்டியலிற் படித்துக் கண்ணீர் விடும் நாம், அதே காரணத்தால் நம்மூர்க்கு வந்தவனை எவ்வாறு நடத்துகின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குலமுறை ஆராய்ச்சி குலப்பெருமையை வளர்ப்பதற்கே என்று தொடங்குவோர் பலர். அவ்வாராய்ச்சியை நேர்மையாக இறுதிவரை நடத்துவோர், தம் குலத்தின் வேலி தாம் எண்ணியதினும் இளையது என்பதைக் காண்பர். இதனால் கூட்டமும் குலதெய்வமும் பொய்யாகிவிடா. கூட்டம் என்பது நம் வீட்டு வாயில். வீடு முழுதும் அதுவன்று.

செய்யத்தக்கன

நம் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்தாரும் இவ்வாண்டிலேயே செய்யத்தக்கன சில. வீட்டிலுள்ள முதியோரிடம் தந்தைவழி, தாய்வழி இரண்டிலும் அவர் அறிந்த பெயர்களையெல்லாம் கேட்டு எழுதுக. பெண்டிர் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், பிறந்த கூட்டத்தையும் விடாது எழுதுக. ‘சிறு வயதிற் செத்தான்’, ‘எங்கோ போய்விட்டான்’, ‘கண்டிக்குப் போனான்’ என்று சொல்லப்படுவோரை வரிசையினின்று நீக்கற்க. அவரே நாளை ஒருவர் தேடி வரும் முன்னோராவர். குலம் விட்டு மணந்ததால் பெயரடிக்கப்பட்டோரையும் எழுதுக. ஏட்டில் அடித்தமையால் உறவு அற்றுவிடாது.

பரணிற் கிடக்கும் ஓலைக்கட்டையும் பழைய பத்திரத்தையும் குப்பையென்று போகிப் பண்டிகையில் எரித்துவிடாதீர்கள். 1865 முதல் நடந்த பத்திரப் பதிவுகளிலும், 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எழுதிய பிறப்பு இறப்புக் கணக்குகளிலும் நம் பாட்டன்மார் பெயர்கள் உறங்குகின்றன. ஓலையைப் படிக்க இயலாதார், அதனைப் படம் பிடித்துக்கொண்டு, மூலத்தைச் சென்னைச் சுவடி நூலகத்திற்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கோ அளித்தல் நலம்.

தோட்டத்தை விட்டுத் திருப்பூர்க்குக் குடிபெயர்ந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்க்குத் தெரிந்த ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் அவர் பிள்ளைகட்குத் தெரியா. ஒரு முதியவர் மறைய, ஒரு சுவடிக்கட்டு எரிந்தது போலாம். ஆதலின் வரும் நோன்பிக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் உடன் கொண்டு சென்று, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியாரிடம் அவர் தாயார் பெயரை முதலிற் கேட்டு எழுதுங்கள்.